சான்று சொல்ல ஒரு வக்கீல்

வக்கீல் சுவாமிநாதன் காலமான செய்தி ஞானமேரிக்குக் கோர்ட்டு வாசலில்தான் தெரிந்தது. அன்று சேலம் ஜில்லா கோர்ட்டில் அவருடைய வழக்கு ஒன்று விசாரணைக்கு இருந்தது. கேஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வேப்பமரத்தடியில் காத்து நின்றாள். எப்போதும் அவளுக்கு முன்பே வந்துவிடுகிறவர் அன்று வரவில்லை. அவருடைய குமாஸ்தா சின்னான்தான் வந்தார். தலையில் தலைப்பாகை இல்லை.

"அம்மா, ஐயா போயிட்டாருங்க," என்றார். "விடியறப்ப நெஞ்ச அடைக்குதுன்னாரு. டாக்டர் ஊட்டுக்கு ஆள் போய்த் திரும்பறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

அவளுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. "அப்போ வாய்தா கேக்கணுமே," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சுவாமிநாதன் வீட்டில் பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். வக்கீல்கள் எல்லாரும் வெளியே பந்தலடியில் நின்றார்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஞானமேரி வாசற்படிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அந்த வீட்டு முன்னறையில்தான் அவள் தொழில் கற்றாள். மனு எப்படி எழுதுவது, சாட்சியிடம் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது என்று அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அங்கேதான். பாடை கிளம்பும்போது அவளும் மற்றவர்களோடு தெருமுனை வரை நடந்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் அன்று சாப்பிடவில்லை.

தன் நிலைமை என்ன ஆகும் என்ற நினைப்பு அவளுக்குக் கருமாதி முடிந்த பிறகுதான் வந்தது. வந்ததும், இந்த நேரத்தில் இதையா நினைக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அது 1936. ஞானமேரி அரிசிப்பாளையத்துப் பெண். அப்பா உபகாரசாமி பள்ளிக்கூட வாத்தியார். அம்மா சகாயம்மாள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். விதவையான அத்தை ஒருத்தி வீட்டு வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போனபோது, அத்தனை ஆண்களுக்கு நடுவில் வாய் திறக்க முடியாமல் குனிந்து நின்றதைச் சிறுமியாக இருந்தபோது ஞானமேரி பார்த்திருந்தாள். அத்தை வழக்கில் தோற்றாள். சொல்ல வேண்டியது அவளிடம் நிறைய இருந்தது என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு, நான் வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்று அந்தச் சிறுமி சொல்ல ஆரம்பித்தாள். வளர்ந்த பிறகும் அந்தப் பேச்சை அவள் விடவில்லை. சென்னைக்குப் போய் பி.எல். படித்துத் தேறினாள்.

பி.எல். தேறிவிட்டால் வக்கீலாகிவிட முடியாது. பத்து வருஷமாவது தொழில் செய்த வக்கீல் ஒருவரிடம் ஓராண்டு கூடவே இருக்க வேண்டும். அவரோடு தினமும் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பார் கவுன்சில் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். இவர் ஓராண்டு ஒழுங்காக வந்தார், நடத்தையில் குறையில்லை என்று அந்த வக்கீல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் ஹைகோர்ட்டில் மனுப் போட்டு, அங்கே உறுதிமொழி எடுத்துக் கவுன் போடலாம். பெண்ணும் இதையெல்லாம் செய்யலாம் என்று சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் சேலத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் ஆபீசில் இடமில்லை என்றார். இன்னொருவர் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றார். வேறொருவர், நல்ல வரன் இருந்தால் சொல்லட்டுமா என்று உபகாரசாமியிடமே கேட்டார்.

சுவாமிநாதன் மட்டும் ஒரு கேள்விதான் கேட்டார். "தினமும் வருவியா?"

"வருவேங்க."

"அப்ப நாளைக்கே வா."

அவள் வந்தாள். மழையிலும் வந்தாள், வெயிலிலும் வந்தாள். பரீட்சையும் எழுதித் தேறிவிட்டாள். ஆண்டு முடிய ஒரு மாதமே இருந்த நேரத்தில் அவர் போய்விட்டார். கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை.

அவள் சென்னையில் உள்ள பார் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டாள். பதில் தாமதமில்லாமல் வந்தது. அவள் இதுவரை ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வந்ததை நேரில் கண்டு அறிந்த, பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்றில் ஜில்லா ஜட்ஜின் ஒப்புதலும் வேண்டும். மீதியுள்ள காலத்தை வேறொரு வக்கீலிடம் முடிக்க வேண்டும். இரண்டில் எது இல்லையென்றாலும், புதிதாக ஓராண்டு ஆரம்பிக்க வேண்டியதுதான்.

புதிதாக ஆரம்பிக்க அவளுக்கு யார் இருக்கிறார்கள்? சுவாமிநாதனைப் போல் இன்னொருவர் இருந்திருந்தால் முதலிலேயே கிடைத்திருப்பாரே.

ஞானமேரி ஒவ்வொரு வக்கீலாகப் போய்ப் பார்த்தாள். சுவாமிநாதனின் நெருங்கிய நண்பர் ஒருவர் அவளை உட்காரவைத்து அன்பாகப் பேசினார். "உன்னைப் பார்த்திருக்கேம்மா. ஆனா தினமும் வந்தியான்னு கேட்டா நான் எப்படிச் சொல்றது? என் கேஸை நான் பார்ப்பேனா, பின்னால யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்ப்பேனா?" என்றார். அடுத்தவர் சான்று என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்துவிட்டார். நாளைக்கு ஏதாவது விசாரணை வந்தால் யார் பதில் சொல்வது என்றார். குமாஸ்தா சின்னானுக்கு அவள் வந்துபோனது எல்லாம் தெரியும். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். ஆனால் அவர் வக்கீல் இல்லையே.

கடைசியாகப் போனது ஓர் இளைய வக்கீலிடம். அவர் சிரித்துக்கொண்டே, "உங்களைத் தினமும் கவனிச்சவர் இந்தக் கோர்ட்டுல ஒருத்தர்தான். அர்த்தநாரி. போய் அவரைக் கேளுங்க," என்றார்.

அங்கே இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். அர்த்தநாரி எப்படிப்பட்டவர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக் குடும்பத்தில் பிறந்தவர். சேலத்தில் இருபது வருஷமாகத் தொழில் நடத்துகிறவர். ஜட்ஜிடம் சுத்தமான இங்கிலீஷ், வெளியே வந்தால் ஊர்ப் பேச்சு. கனத்த குரல். ஞானமேரி முதல் நாள் சுவாமிநாதனுக்குப் பின்னால் உட்கார்ந்தபோதே அவர் எழுந்து ஆட்சேபம் சொன்னார். இந்தப் பெஞ்சு தொழில் செய்கிறவர்களுக்கானது, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பின்னால் போகட்டும் என்றார். பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கள் வக்கீலுக்குப் பின்னால் உட்காரலாம் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். அர்த்தநாரி உட்கார்ந்தார், ஆனால் விடவில்லை. பெஞ்சில் இடம் நெருக்கடியானால் அவளைப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார். அவள் குறிப்பெழுதும்போது பேனாச் சத்தம் காதைக் குடைகிறது என்று முணுமுணுப்பார்.

ஆட்டையாம்பட்டி நில வழக்கில் விஷயம் முற்றிவிட்டது. தை மாதம் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்று அந்த வழக்கில் இருந்தது. பத்திரம் எழுதும்போது கூட இருந்ததாக அர்த்தநாரி தரப்புச் சாட்சி சத்தியம் செய்தான். அவ்வளவு பழைய சங்கதி எப்படி ஞாபகம் இருக்கிறது என்று சுவாமிநாதன் கேட்டார். "திருச்செங்கோட்டுத் தேர் பாத்துட்டு வந்த மறுநாளுங்க. மறக்குமுங்களா?" என்றான் அவன். சுவாமிநாதன் பத்திரத்தைப் புரட்டியபடி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். ஞானமேரி ஒரு துண்டுச் சீட்டில் 'தேர் வைகாசியில்' என்று எழுதி முன்னால் நீட்டினாள்.

சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்தத் தேர் எந்த மாசமப்பா?" என்று கேட்டார்.

"வைகாசிங்க."

"பத்திரம்?"

சாட்சி அர்த்தநாரியைப் பார்த்தான். அர்த்தநாரி சீட்டைப் பார்த்தார்.

அன்று மாலை கோர்ட்டு வராந்தாவில் அவர் அவள் எதிரில் வந்து நின்றார். "எங்க ஊருத் தேர எனக்கே காட்டறியா, அம்மிணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவள் பயந்துபோனாள். சுவாமிநாதன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்த மனிதரிடமா போய்ச் சான்று கேட்பது?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். உபகாரசாமி அவளை உட்காரவைத்தார். பிறகு, "போதும்மா. நீ பட்டது போதும். கன்னியாஸ்திரீங்க நடத்தற பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் வேணுமாம். நான் பேசட்டுமா?" என்றார். மகள் மேல் உள்ள இரக்கத்தில் சொன்னார். ஞானமேரிக்கு அழுகை வந்துவிட்டது.

சகாயம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். "நீ இன்னும் கேக்காத ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார்."

"அப்போ அவரையும் கேட்டுட்டு வந்து அழு."

மறுநாள் கோர்ட்டு முடிந்த பிறகு ஞானமேரி செவ்வாய்ப்பேட்டையில் இருந்த அர்த்தநாரியின் வீட்டுக்குப் போனாள். உபகாரசாமியும் துணைக்கு வந்தார். ஆனால் வாசல் வரை வந்தவர் உள்ளே வரத் தயங்கி அங்கேயே நின்றுவிட்டார். கதவைத் திறந்தது அர்த்தநாரியின் மனைவி சென்னியம்மாள். காதில் கனமான தோடும், முகத்தில் நல்ல களையும் உள்ள பெண்மணி.

"யாருங்க?"

"என் பேர் ஞானமேரிங்க. வக்கீல் ஐயாவைப் பார்க்கணும்."

சென்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அட, நீதானா அந்த அம்மிணி? வா சாமி, உள்ள வா. வெளிய நிக்கறது உன்ற அப்பாவுங்களா? ஏனுங்க, நீங்களும் வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க?" என்று இருவரையும் அழைத்து உட்காரவைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அர்த்தநாரி கோட்டைக் கழற்றிவிட்டுத் தோளில் துண்டோடு வந்தார். அவளைக் கண்டதும் புருவத்தைச் சுருக்கினார். "என்ன வேணும்?"

ஞானமேரி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சென்னையிலிருந்து வந்த பதிலையும், மற்றவர்கள் சொன்னதையும் சொன்னாள். இளைய வக்கீல் சிரித்ததை மட்டும் சொல்லவில்லை.

"அதுக்கு என்னையக் கேக்க வந்தயா?"

"என்னைத் தினமும் பார்த்தவங்க ஐயாவை விட்டா வேற யாரும் இல்லீங்க."

உள்ளே சென்னியம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அர்த்தநாரி அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் உனக்கு எதிராப் பேசுனவன்."

"தெரியுங்க."

"பொம்பளைக கோர்ட்டுக்கு வர்றது இப்பவும் எனக்குச் சரியாப் படல."

"அதை மாத்திக்கணும்னு நான் கேக்க வரலீங்க. நான் வந்தேனா இல்லையாங்கறதை மட்டும் ஐயா சொன்னாப் போதுங்க."

அர்த்தநாரி அவளையே பார்த்தார். பிறகு கோர்ட்டில் சாட்சியைக் கேட்கிற குரலில் கேட்டார். "ஐப்பசியில அடமழை பேஞ்சு ரோட்டுல தண்ணி நின்னுதே, அன்னிக்கு வந்தயா?"

"வந்தேங்க. ஐயா குடையைக் கோர்ட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. சின்னான்கிட்டக் குடுத்தனுப்பினேன்."

"அது நீ குடுத்ததா?" என்றார். "வராத நாளே இல்லையா?"

பொய் சொல்லி ஒப்பேற்றலாம். அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. உபகாரசாமி மகளைக் கவலையோடு பார்த்தார்.

"இருக்குங்க. கார்த்திகையில காய்ச்சல் வந்து படுத்துட்டேன். அந்த வாரம் வரலீங்க."

"அது எனக்கே தெரியும்," என்றார் அர்த்தநாரி. "அந்த ஒரு வாரந்தான் நான் நிம்மதியா கேஸ் நடத்துனேன்."

சென்னியம்மாள் கதவோரம் வந்து நின்றாள். "என்ன நிம்மதி? தினமும் ஊட்டுக்கு வந்து, அந்த அம்மிணியக் காணோம், என்னமோ ஏதோன்னு நீங்கதான சொல்லீட்டு இருந்தீங்க? உன்னையத் திட்டாம இந்த ஊட்ல சோறு எறங்குனதில்ல சாமி. இன்னிக்கு வந்தா, இன்னிக்கு எழுதுனா, இன்னிக்கு அங்க ஒக்காந்தான்னு உன்ற பேச்சுத்தான். நான் கோர்ட்டுப் பக்கமே போனதில்ல. நானே சொல்லுவேன் சாட்சி."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றார் அவர். கோபமாகச் சொல்ல நினைத்தார். வரவில்லை.

பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன் அவளைப் பார்த்துச் சொன்னார். "எனக்குப் புடிக்கலீங்கறது வேற, அம்மிணி. நீ வந்தது வந்ததுதான். கண்ணால பாத்ததப் பாக்கலைன்னு நான் எப்படிச் சொல்றது? அந்த ஆட்டையாம்பட்டிச் சாட்சியா நானு?"

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். காய்ச்சல் வந்த வாரத்தையும் விடாமல் எழுதியிருந்தார்.

ஞானமேரி காகிதத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். உபகாரசாமி இரு கையையும் கூப்பினார்.

"அது கெடக்கட்டும். மீதி மாசத்துக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"இன்னும் யாரும் கிடைக்கலீங்க."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். வாசலைப் பார்த்தார். சென்னியம்மாள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"நாளையிலிருந்து என்ற பின்னால ஒக்காரு," என்றார் கடைசியில். "எதிர்ப்பக்கம் ஒக்காந்து சீட்டுக் குடுக்கறதுக்கு இது எவ்வளவோ மேலு."

சான்றில் ஒப்புதல் வாங்குவது மிச்சமிருந்தது. ஞானமேரிக்கு அதுதான் பெரும் பயம். ஜட்ஜ் அவளையும் அர்த்தநாரியையும் தன் அறைக்கு வரச் சொன்னார். காகிதத்தைப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார்.

"இந்தப் பெண் இங்கே உட்காரவே கூடாது என்று என் முன்னால் ஆட்சேபம் சொன்னவர் நீங்கள்தானே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஆமாம், அந்த ஆட்சேபத்தை நான் திரும்பப் பெறவும் இல்லை," என்றார் அர்த்தநாரி. "அவர் எப்போது எழுந்து போவார் என்று நான் தினமும் திரும்பிப் பார்த்தேன். அவர் போகவில்லை. ஆகவே அவர் இருந்தார் என்று என்னால் சத்தியமாகச் சொல்ல முடிகிறது. இந்த விஷயத்தில் என்னை விட நல்ல சாட்சி கிடைக்காது."

ஜட்ஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஞானமேரி பக்கம் திரும்பினார். "நடத்தையில் குறையில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதுவும் அவர் விருப்பத்தோடு எழுதியதுதானா?"

ஞானமேரி வாயைத் திறப்பதற்குள் அர்த்தநாரியே பதில் சொன்னார். "என் சாட்சியைக் கவிழ்த்தார். அதை நடத்தைக் குறையாக எழுத நினைத்தேன். விதியில் இடமில்லை."

ஜட்ஜ் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார். வெளியே வந்ததும் ஞானமேரி வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றாள். கருமாதிக்குப் பிறகு அன்றுதான் மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது போலிருந்தது. அர்த்தநாரி அவளுக்காக நிற்காமல் முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போய், "என்ன, வாரியா இல்லையா? அடுத்த கேஸ் கூப்புடறாங்க," என்றார்.

அந்த மாதம் அவரிடம் வேலை செய்வது எளிதாக இல்லை. எழுதியதைத் திருப்பி எழுதச் சொல்வார். புகழ்ந்து ஒரு சொல் வராது. ஆபீசில் அவளுக்கு வாசலருகே ஒரு முக்காலிதான். ஒரு நாள் ஜலகண்டாபுரத்திலிருந்து குப்பாயி என்ற நெசவுக்காரப் பெண் வந்தாள். புருஷன் இறந்ததும் கொழுந்தன்மார் அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். அர்த்தநாரி கேட்டதற்கெல்லாம் அவள் ஆமாங்க, இல்லீங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்குக்குப் பிடி எதுவும் கிடைக்கவில்லை. அவர் அலுத்துப்போய் எழுந்து பின்கட்டுக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் குப்பாயி முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஞானமேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தான் கர்ப்பமாக இருப்பதையும், அது தெரிந்த பிறகுதான் அவர்கள் அவசரமாகத் துரத்தினார்கள் என்பதையும் சொன்னாள்.

ஞானமேரி அதை அர்த்தநாரியிடம் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறக்கப்போவது ஆண் குழந்தையானால் அதற்குச் சொத்தில் பங்கு உண்டு. வழக்கே வேறாகிவிட்டது.

"ஏம்மா, இத என்றகிட்டச் சொல்றதுக்கென்ன?" என்று குப்பாயியைக் கேட்டார்.

குப்பாயி முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்தாள். "ஐயாகிட்ட எப்படிங்க அதச் சொல்றது?"

மறுநாள் ஞானமேரி வந்தபோது முக்காலி இருந்த இடத்தில் நாற்காலி கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்து கேஸ் கட்டைப் பிரித்தாள்.

மாதம் முடிந்ததும் அவர் இரண்டாவது சான்றையும் கொடுத்தார். சென்னையில் தொழில் செய்யும் தன் பழைய நண்பர் ஒருவருக்கும் சொல்லியனுப்பினார். அவர்தான் ஹைகோர்ட்டில் அவளுக்காக மனுப் போட்டார்.

உறுதிமொழி எடுக்கும் நாளில் ஞானமேரி வெள்ளைப் புடவை மேல் கறுப்புக் கவுனைப் போட்டுக்கொண்டாள். புடவை மேல் போடுகிற கவுன் தைத்துப் பழக்கமில்லாத தையல்காரர் கொடுத்தது. தோள் இரண்டும் வழுக்கி வழுக்கி இறங்கின. அவளோடு ஏழெட்டு இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். உபகாரசாமி பின்னால் கூட்டத்தோடு நின்றுகொண்டு செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒருவருடைய பெயரைக் கூப்பிட்டபோது ஏதோ ஒரு காகிதத்தைக் காட்டி மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். தன் காகிதங்களிலும் ஒரு தடங்கல் வந்தே தீரும் என்று ஞானமேரியின் உள்ளம் அடித்துக்கொண்டது. சுவாமிநாதனின் மரணம், இரண்டு பேரிடம் முடித்த பயிற்சி, காய்ச்சல் வாரம், எதை வேண்டுமானாலும் கேட்கலாமே.

எதையும் கேட்கவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னால் போனாள். வாசித்ததைத் திருப்பிச் சொன்னாள். புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள். தலைமை நீதிபதி தலையசைத்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். ஒதுங்கி நின்றவரையும் சற்று நேரத்தில் கூப்பிட்டு உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அவருடைய காகிதத்தில் ஏதோ தேதிதான் தவறாக இருந்ததாம்.

வெளியே வந்ததும் உபகாரசாமி, "முடிஞ்சுதாம்மா? இன்னும் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுப்பா. இனி ஒண்ணுமில்ல."

"இனி யார்கிட்டயும் போய்க் கேக்க வேண்டியதில்லையே?"

"இல்லப்பா."

அவர் அங்கேயே படிக்கட்டில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். சுவாமிநாதனுக்காகவும் ஒரு ஜெபம் சொன்னார். அவர் நம்ம சாமியைக் கும்பிட்டவரில்லையே என்று ஞானமேரி சொல்லவில்லை. அவளும் சேர்ந்து சொன்னாள்.

மறுநாள் பகல் வண்டியில் ஊருக்குத் திரும்பினார்கள். வண்டி புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஞானமேரி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஜோலார்ப்பேட்டையில் உபகாரசாமி இட்லி வாங்கிவந்து, எழுப்ப மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கரித்தூள் அவள் முகத்தில் படியாமல் ஜன்னலை இறக்கிவிட்டார். சேலம் ஜங்ஷன் வரும் வரை அவள் கண் திறக்கவில்லை.

பிளாட்பாரத்தில் சகாயம்மாள் தனியாக நின்றிருந்தாள். தந்தி கொடுத்திருக்கவில்லை. எந்த வண்டியில் வருவார்கள் என்றும் அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சும்மா."

சகாயம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர்கள் இறக்கி வைத்த டிரங்குப் பெட்டி மேல் மெல்ல உட்கார்ந்தாள். "கொஞ்சம் இருங்க. கால் நிக்க மாட்டேங்குது," என்றாள்.

ஞானமேரி அவளுக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். உபகாரசாமி ஆறிப்போன இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து மூவருக்கும் நடுவில் வைத்தார். கூலிக்காரன் வந்து பெட்டியைத் தூக்கட்டுமா என்று கேட்டான். அப்புறம் என்று கையால் காட்டிவிட்டு அவர்கள் சாப்பிட்டார்கள். வண்டி ஈரோட்டுப் பக்கம் கிளம்பிப் போனது. பிளாட்பாரம் காலியானது. மூவரும் எழுந்திருக்கவில்லை.